பட்டறையில் நான் தலையாட்டியது

எழுதத் தெரியாமல்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மொய்க் கவரின் மேலே வீட்டுப் பேரும்தான். மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன். வண்டிச் சாமான்களின் பெயர்கள் எனக்குச் சரியாக வராது. பட்டறையில் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. வண்டியின் ஒரு ஷாக்குக்காக அக்கா தம்பியைத் துரத்திவிட்டாள் என்று. தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள், "ஏம்மா, ஒரு இரும்பு குழாய்க்காவா கூடப் பொறந்தவன வேணான்னுட்ட?" என்று. எனக்கு வாயில் பதில் வராது. எப்போதுமே வந்ததில்லை. அதனால்தான் இந்தத் தாள்.

எங்கள் கிணறு அடி அண்ணாமலைக்கு வெளியே இருக்கிறது. கோடையிலும் வற்றாது, உப்பு ஏறாது. வீட்டுக்காரர் போன பிறகு, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி ஆசிரமத்துப் பக்கம் தங்கும் விடுதிகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஊற்றிப் பிழைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பிக்கப் வண்டி வாங்கினோம். ஓட்டுவது என் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து போவது நான். ஊற்றுகிற இடத்தில் குழாயைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் போவேன். பேசுவதெல்லாம் அவன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்நிய மனிதர் முன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேர் என்னம்மா என்று கேட்டார்கள். எனக்குச் சத்தமே வரவில்லை. அப்போது தம்பி மூக்கு ஒழுகிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். அவன்தான் என் பேரைச் சொன்னான். கூடவே, "ஊமை இல்லீங்க, நல்லாத்தான் பேசுவா, எங்கிட்ட மட்டும்" என்றும் சொன்னான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர், "நான் உன்னக் கட்டிகினேனா, உன் தம்பியக் கட்டிகினேனா?" என்று கேலி செய்வார். ரேஷன் கடையில், வங்கியில், மோட்டார் ரிப்பேருக்கு, எங்கே போனாலும் நான் அவன் காதில் சொல்வேன், அவன் அவர்களிடம் சொல்வான். வண்டியையும் அவன் பேரிலேயே எழுதினோம். ஆபீசில் வந்து நின்று கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நானா சொல்வேன்?

தண்ணீரைப் போல மோசமான லோடு வேறு இல்லை. கல்லை ஏற்றினால் கல் வைத்த இடத்தில் கிடக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையும் அப்படித்தான். தண்ணீர் கிடக்காது. வண்டி இடது பக்கம் திரும்பினால் அது வலது பக்கம் போய் முட்டும், முட்டிவிட்டுத் திரும்பி வரும். வண்டி நின்ற பிறகும் தொட்டிக்குள் அது நடந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் வண்டிக்கு அடியில் இரண்டு விஷயம் பலமாக இருக்க வேண்டும். ஒன்று, பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள். வில் மாதிரி வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வண்டி வாங்கியதுமே தண்ணீருக்கென்று பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகப் போட வைத்தோம். இன்னொன்று ஷாக் அப்சர்பர். பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். அது பாரம் தாங்காது. குதித்த வண்டியைக் குதித்துக்கொண்டே இருக்க விடாமல் பிடித்து உட்கார வைக்கும். அதைத்தான் நாங்கள் ஷாக்கு என்போம்.

அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. வேகத்தடை ஏறி இறங்கியதும் வண்டி எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுவேன். வாங்கிய புதிதில் ஒன்றரை. ஒரு தடவை எழுந்து உட்காரும், அப்புறம் அரைத் தடவை, அவ்வளவுதான். போன மாசியில் நான்கு எண்ணினேன். பங்குனியில் ஐந்து.

"தம்பி, அஞ்சு ஆடுதுடா" என்றேன்.

"இன்னாக்கா நீ, வழியெல்லாம் எண்ணிகினா வர்ற? கண்டக்டரா போயிருக்க வேண்டியவ."

"சிரிக்காத. சித்ரா பௌர்ணமி வருது. அன்னதானத்துக்கு நாலு நடை தண்ணி ஊத்தறோம்னு ஒத்துகினுக்கிறோம். ஷாக்கு மாத்திடணும்."

கிரிவலப் பாதையில் ஒரு பந்தல் போட்டு அன்னதானம் செய்பவர்கள் அவர்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் மத்தியானத்துக்குமேல் பாதையில் வண்டியை விட மாட்டார்கள். அதற்குள் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். சமையலுக்கும் குடிக்கவும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று அந்தப் பந்தலைப் பார்த்துக்கொள்கிற அம்மா சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன். எனக்குத் தலையாட்டத்தான் தெரியும்.

பௌர்ணமிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது செங்கம் ரோட்டில் ஒரு முஸ்லிம் பாயின் மெக்கானிக் பட்டறைக்குப் போனோம். தொட்டியைக் கிணற்றடியில் இறக்கி வைத்துவிட்டுக் காலி வண்டியாகப் போனோம். பட்டறைக்குள் ஆம்பளைகள் கூட்டம். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில் புங்க மரத்தடியில் நின்றேன். பாய் வண்டியின் பின்மூலையை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. கீழே குனிந்து விரலால் தடவி, எண்ணெய் கசிந்திருப்பதைத் தம்பிக்குக் காட்டினார். பிறகு உள்ளே போய் இரண்டு ஜோடி ஷாக்கு கொண்டுவந்து சாக்கின்மேல் போட்டார். ஒன்று மெல்லிசு. இன்னொன்று என் முன்கை தண்டி இருந்தது. ரோட்டைத் தாண்டி நின்ற எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

தம்பி ரோட்டைக் கடந்து வந்தான்.

"மெல்லிசு போட்டா காரு மாதிரி போவுமாம்க்கா. தடிச்சது ஜாஸ்தி லோடுக்காம். ஆனா காலியா போவும்போது தூக்கித் தூக்கிப் போடும்ன்றாரு. உன் முதுவ நெனச்சிக்கோ."

"என் முதுவ வுட்றா. தண்ணிதான நம்ம பொழப்பு? தடிச்சதயே போடச் சொல்லு. போவும்போது நெறஞ்சி போறோம். வரும்போதுதான காலி? குலுக்கினா குலுக்கட்டும்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"தடிச்சதுதான். பாய்கிட்ட நல்லா சொல்லு."

"சரிக்கா, சரிக்கா" என்று போனான். பாயிடம் ஏதோ பேசினான். கொஞ்ச நேரம் பேசினான். நான் சொன்னதைச் சொல்ல அவ்வளவு நேரம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பாய் என்னைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, பஸ் சத்தத்துக்குமேல் கத்தினார்.

"அம்மா! அவரு சொல்றபடியே போட்டுடட்டா? சம்மதந்தானே?"

கரும்புச் சாறு குடிக்கிறவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. முந்தானையை வாயில் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். அவருக்குத் தெரியவில்லையோ என்று இன்னொரு தடவையும் ஆட்டினேன்.

"வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற? பஸ்ஸு வருது பாரு, வூட்டுக்குப் போ. நான் முடிச்சிகினு வர்றேன்" என்று தம்பி ஏற்றிவிட்டான். டிக்கெட்டுக்குச் சில்லறையும் கையில் திணித்தான்.

சாயங்காலம் வண்டி வந்தது. குனிந்து அடியில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தம்பி பொருத்திக்கொண்டு வந்ததை அவன் எதிரில் குனிந்து பார்த்தால் என்ன அர்த்தம்?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குப் புதிதாக எதைப் போட்டாலும், டயரோ பேட்டரியோ, முதல் ஓட்டம் மலையைச் சுற்றித்தான். அதுவும் காலியாக. சாமியைச் சுற்றி வரும்போது சரக்கு ஏற்றக் கூடாது. மாட்டு வண்டி இருந்த காலத்திலேயே புது அச்சு போட்டால் அப்படித்தான் சுற்றி வருவார்களாம். மறுநாள் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். ஒவ்வொரு லிங்கத்திடமும் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினேன்.

வண்டி எப்படிப் போனது தெரியுமா? பாலில் மிதக்கிற மாதிரி போனது. வேகத்தடையில் ஏறியது, இறங்கியது, உட்கார்ந்தது. ஒன்று. எல்லா வேகத்தடையிலும் எண்ணினேன். ஒன்று, ஒன்று, ஒன்று. இடுப்பில் சுரீர் என்று ஒரு தடவைகூட வலிக்கவில்லை.

"மெத்துன்னு இருக்குதுடா" என்றேன்.

"உனக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டேன்க்கா."

கடைசி லிங்கத்திடம் வாங்கிய விபூதியை என் கையாலேயே அவன் நெற்றியில் பூசினேன். நல்லா இருடா என்றேன்.

இங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது, அதை மறைக்காமல் எழுத வேண்டும். தடித்த ஷாக்கு போட்டால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும் என்று தம்பி வாயாலேயே கேட்டிருந்தேன். காலி வண்டி மெத்தென்று போனால் அது தடித்த ஷாக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்புகூட வேண்டாம். ஆனால் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தோமே. குலுங்காமல் போனதை நான் ஈசன் செய்ததாக எடுத்துக்கொண்டேன். வயதானவளின் இடுப்புக்கு இரக்கப்பட்டிருக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறு ஊராக இருந்து, முதல் ஓட்டமே தண்ணீர் லோடாக இருந்திருந்தால், அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

அடுத்த மூன்று நாளும் அவன் தொட்டியை ஏற்றவில்லை. வால்வு ஒழுகுகிறது, வேறு வாங்க வேண்டும் என்றான். விடுதிக்காரர்களுக்கு நானே சொல்லிவிட்டேன் என்றான். சரி என்று இருந்தேன். அவன் சொன்னால் சொன்னதுதானே.

பௌர்ணமிக்கு முதல் நாள் விடிந்ததும் தொட்டியை ஏற்றிக் கட்டி, வாய்வரை நிரப்பினோம். நிரம்ப நிரம்ப வண்டியின் பின்பக்கம் இறங்கிக்கொண்டே போனது. நாய் குந்துகிற மாதிரி குந்திவிட்டது. டயருக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் என் கை நுழைகிற இடமும் இல்லை.

"இன்னாடா இது, இவ்ளோ எறங்கிகினு போச்சு?"

"தொட்டிய கொஞ்சம் பின்னால வெச்சிட்டேன் போல. ஏறு, நேரமாவுது."

முதல் வேகத்தடை. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் பின்னால் இரும்பு இரும்போடு இடிக்கிற சத்தம். ஆறு. ஏழாவதை எண்ண முடியவில்லை, அதற்குள் கால்வாய்ப் பாலத்துத் திருப்பம் வந்துவிட்டது. தம்பி மெதுவாகத்தான் திருப்பினான். தண்ணீர் ஒரு பக்கம் போய் மோதியது. வண்டி அந்தப் பக்கமே சாய்ந்தது, நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது மறுபக்கம் சாய்ந்தது. கூட்டத்துக்கு முந்தியே சுற்றிவிடலாம் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வந்த ஒரு பெரியவர் பள்ளத்தில் குதித்தார்.

"டேய், குடிச்சிட்டா ஓட்டற? மேலயே வுடுவ போலருக்கே!" என்று கத்தினார்.

அந்த மனிதர்மேல் சாய்ந்திருந்தால்? அவர் பின்னால் ஒரு குடும்பமே வந்துகொண்டிருந்தது.

தம்பி இறங்கினான். வால்வைத் திறந்துவிட்டான். பாதித் தொட்டிக்குமேல் தண்ணீர் மண்ணில் ஓடியது. சித்திரை வெயிலில் ஊற்றுத் தண்ணீரை மண்ணில் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். "புது ஷாக்கு. செட்டாவற வரைக்கும் இப்டித்தான் இருக்கும்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தலில் அந்த அம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அடியில ஒட்டிகினு இருக்கற தண்ணியக் கொண்டாந்துக்கிற? நாளைக்கு ஜனம் வந்து நின்னா இதுல நான் சோறு வடிப்பனா, கை கழுவ ஊத்துவனா? தண்ணி உன்னுதுன்னு நம்பி வேற ஆளுகிட்ட சொல்லலியேம்மா நானு!"

தம்பி குறுக்கே வந்தான். "அடுத்த நடை ஃபுல்லா வரும்மா. அக்கா, நீ இங்கயே இரு. நான் பாய்கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு ஓடியாந்துடறேன்."

போனான். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அந்த அம்மா என்னைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன்.

எங்கள் வண்டி அங்கே இல்லை.

புங்க மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கம். பிறகுதான் உறைத்தது, எனக்காக ரோட்டைக் கடந்து போய்ப் பேச யாரும் இல்லை. நானே கடந்தேன். பாய் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"வாங்கம்மா. தனியாவா வந்தீங்க?"

எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிறகு சொன்னேன்: "வண்டி ஆறுக்கு மேல ஆடுது."

"எந்த வண்டி?"

"எங்குளுது. தண்ணி ஏத்திகினு போனோம்."

பாய் எழுந்தே விட்டார். கையைக்கூடத் துடைக்கவில்லை. "தண்ணி ஏத்தினீங்களா? அதுலயா? யா அல்லா! இன்னாம்மா வேல இது? யாரு மேலயாச்சும் சாஞ்சிருந்தா?"

"நீங்கதான ஷாக்கு போட்டீங்க?"

"நான் போட்டது ரொட்டி ஏத்தற வண்டிக்கு, தண்ணி ஏத்தற வண்டிக்கு இல்ல. உங்க தம்பி இன்னா சொன்னாரு? 'பாய், தண்ணிய வுட்டுட்டோம். ஆசிரமத்துப் பக்கம் கேக்கு, ரொட்டி போடற கடைக்கு வண்டியப் பேசியாச்சு. கிரீமு வெச்ச கேக்கு, குலுங்கினா உருண்டுபூடும். மெல்லிசு போடு, பின்னால கூடுதலா இருக்கற பட்டையையும் கழட்டிடு'ன்னாரு. நான் ஒத்துக்கல. நல்லா லோடு இழுக்கற வண்டிய இப்டி பண்ணலாமான்னு கேட்டேன். அக்காவே சொல்லிட்டாங்கன்னாரு. அதுக்குத்தான நான் இங்கருந்து கத்திக் கேட்டேன்? நீங்கதானம்மா தலையாட்டினீங்க! ஒரு வாட்டிகூட இல்ல, ரெண்டு வாட்டி!"

ரெண்டு வாட்டிதான். அதை நான் எப்படி இல்லை என்பேன்?

"அவன் எங்கிட்ட தடிச்சதுன்னு..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. பாய்க்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறிவிட்டது. கோபம் என்மேல் இல்லை என்று தெரிந்தது. அப்போது இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை வரவில்லை.

பெஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டு பட்டையையும் இழுத்துப் போட்டார். கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தது. "உங்க சாமான். வண்டியக் கொண்டாங்க, தடிச்ச ஷாக்கும் இருக்குது, இப்பவே மாட்டித் தர்றேன். மத்தியானத்துக்குள்ள ரெண்டு நடையாச்சும் போவலாம்."

ஒன்றை மட்டும் ஆட்டோவில் ஏற்றச் சொன்னேன். இரண்டையும் என்னால் தூக்க முடியாது.

கிணற்றடிக்கு வந்தால் வண்டி அங்கேதான் நிற்கிறது. தொட்டியை அவிழ்த்து உருட்டிவிட்டிருந்தான். வண்டியில் பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்குகிற இரும்புச் சட்டம் ஒன்று ஏறியிருந்தது. ஏற்கெனவே அளவெடுத்துச் செய்தது. போல்ட்டு ஓட்டைக்கு ஓட்டை சரியாகப் பொருந்தியது. எப்போது அளவெடுத்தான்? நான் பக்கத்தில் உட்கார்ந்து வேகத்தடை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் ஒன்றில்தான் இருக்கும்.

நான் பட்டையை இழுத்துக்கொண்டுபோய் அவன் காலடியில் போட்டேன். அதைப் பார்த்தான்.

"பாய் சொல்லிட்டாரா?"

தலையாட்டினேன்.

"இன்னாக்கா பண்ணச் சொல்ற? எத்தினி வருசமா குழாயப் புடிச்சிகினு நிக்கறது? தண்ணி லேட்டுன்னு ஒருத்தன் திட்றான், தண்ணியில தூசின்னு ஒருத்தன் திட்றான். எல்லாத் திட்டும் நான் வாங்கணும், ஏன்னா நீ பேச மாட்ட. உனக்கும் வயசாவுது. சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

"கேட்டியாடா?"

"இன்னா?"

"நீ சொன்னா ஒத்துக்க மாட்டேன்ற. ஒரு வாட்டியாச்சும் கேட்டியா?"

அவன் ஒரு போல்ட்டை எடுத்து முறுக்க ஆரம்பித்தான். நான் கிட்டப் போனேன்.

"கேக்கு ஏத்திக்கடா. வண்டி உன் பேர்லதான் இருக்குது. நாளைக்கு மறுநாளு ஏத்திக்க. இன்னிக்கு பாய்கிட்ட போய் இத்த மாட்டிகினு வா. நாலு நடை ஊத்திட்டுப் போ. சாமி காரியம்."

"மத்தியானம் கடைக்கு மொத நடை ஒத்துகினுக்கறேன்க்கா. பௌர்ணமிக் கூட்டத்துக்குத்தான் அவங்களுக்கும் யாவாரம். நான் வரலன்னா வேற வண்டியப் புடிச்சிடுவாங்க. நான் ஒத்துகினுட்டேன்."

நானும்தான் ஒத்துக்கொண்டிருந்தேன். அதை அவன் வாயால்தான் ஒத்துக்கொண்டிருந்தேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வாசலுக்கு எதிரே இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கியது. காலி வண்டி. ஒன்று.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கே சரியாக நினைவில்லை. இரண்டு வயல் தள்ளி டிராக்டரும் டேங்கரும் வைத்திருக்கிறவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு "தண்ணி" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவர் செம்பை எடுத்து நீட்டினார். குடிக்க இல்லை என்று கையை ஆட்டி, பந்தலுக்கு, நாளைக்கு, வண்டி இல்லை என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் கையில் சோற்றோடு என்னையே பார்த்தார்.

"இன்னா அத்த, தம்பி இல்லியா? நீயா பேசற?"

"இல்ல" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பாதையை அடைப்பதற்குள் இரண்டு டேங்கர் போய்ச் சேர்ந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். பந்தல் அம்மா, "தம்பி எங்க?" என்று கேட்டார். அதற்கு மட்டும் எனக்கு வார்த்தை வரவில்லை.

நான் அவனைத் துரத்தவில்லை. அன்றைக்குப் பிறகு அவன்தான் வருவதில்லை. வண்டி மட்டும் தினமும் காலையில் எங்கள் ரோட்டில் போகிறது, பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கிய சட்டத்தோடு. வாசலுக்கு நேரே வேகத்தடையில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. நல்ல ஷாக்குதான், அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. தொட்டி கிணற்றடியில் உருண்டபடி கிடக்கிறது. பட்டை மோட்டார் ரூம் கதவுக்கு முட்டாக நிற்கிறது. டிராக்டர்காரர் வாரத்தில் சில நாள் வந்து தண்ணீர் எடுக்கிறார். விடுதிக்காரர்கள் போன் செய்தால் நானே எடுக்கிறேன். இரண்டு மூன்று வார்த்தைதான் வருகிறது. அவர்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

வண்டி போனதற்கு நான் அழவில்லை. கேக் ஏற்றியதற்கும் இல்லை. நான் இந்த உலகத்தோடு பேசிய பேச்செல்லாம் அவன் வழியாகப் போனது. இப்போது பழசை எல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் நான் சொன்னதைத்தான் சொன்னானா? என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது டாக்டரிடம் கேள் என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டானா? டாக்டர் சொன்னதைத்தான் என்னிடம் வந்து சொன்னானா? ஒருவேளை எல்லாம் சரியாகவே சொல்லியிருப்பான். ஆனால் இனிமேல் எனக்கு எப்படித் தெரியும்?

பாய் அன்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு அப்புறம் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் தம்பியைக் கேட்டாராம். "அவளுக்கு இன்னா தெரியும் பாய், உக்கார்ற எடம் மெத்துன்னு இருந்தா சந்தோசப்பட்டுக்குவா" என்றானாம் தம்பி. மறுநாள் மலையைச் சுற்றும்போது நான் அப்படியே சந்தோஷப்பட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது செங்கம் ரோட்டுப் பக்கம் போனால், பாயிடம் கேட்டு நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்த வேண்டும். கூடுதல் பட்டை பக்கத்துக்கு ஒன்றுதானா என்று கேளுங்கள். ஷாக்கு பாரம் தாங்காது, ஆட்டத்தைத்தான் நிறுத்தும் என்று எழுதியிருக்கிறேன், அது சரிதானா என்றும் கேளுங்கள். தம்பி சொன்னதாக மேலே எழுதிய அந்த வார்த்தையையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அன்றைக்கு பாய்க்கும் கோபம், கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை கூடியிருக்கலாம். அவன் அப்படிச் சொல்லவில்லை என்றால், அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.